25 சொற்களில் ஒரு புதையல்

எம்மிடம் ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்ற மாணவி ஒருவர் இப்பொழுது இலண்டன் மாநகரின் வடகிழக்கு ஓரத்தில் கணவருடனும் பத்து வயது மகளுடனும் வாழ்ந்து வருகின்றார். பொங்கலுக்கு இரண்டு வரி, தீபாவளிக்கு இரண்டு வரி என வாழ்த்து அனுப்புவதோடு அவர் கடமை முடிந்துவிடும். அவரிடமிருந்து அண்மையில் மிக நீண்டதொரு மின்னஞ்சல் வந்தது. "ஐயா, போன புரட்டாதிச் சனிக்கிழமை நாங்கள் காட்டுக்குள்ளே புதையல் தேடினோம்" என்று அது தொடங்கிற்று. புரட்டாதிச் சனி என்றால் எள்ளெண்ணெய் எரிப்பதும் காகத்துக்குச் சோறு வைப்பதுமே எமக்குத் தெரியும். ஆதலால் ஆவலோடு படிக்கத் தொடங்கினோம். படித்து முடிக்கும்போது இரவுச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

புதையல் தேடியவர்கள் எம்மவர் அல்லர். போலந்து நாட்டு வழிவந்த ஒரு குடும்பத்தினர். மாணவியின் மகளும் அக்குடும்பத்துச் சிறுமி ஒருத்தியும் பாடசாலையில் ஒரே வாங்கில் இருப்பவர்கள். அந்தத் தோழமையால் வந்த அழைப்பு அது. இடம் எப்பிங் காடு. இலண்டனின் ஓரத்திலே சுமார் 6,000 ஏக்கர் பரப்பில் நீண்டு கிடக்கும் பழங்காடு. வேலியடைத்துத் தனியார் சொத்தாக மாறவிருந்த அதனை 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காப்பாற்றிப் பொதுமக்களுக்கு உரியதாக்கிற்று. பெரிய பீச் மரங்களும், தலை வெட்டப்பட்டு வெட்டப்பட்டுக் கணுக் கணுவாகப் பருத்துப்போன பழைய மரங்களும் அங்கே நிறைய உண்டு.

குடும்பத்தின் மூத்தவர் எழுபது வயதுக் கிழவர். பிள்ளைகள் அவரை 'ஜாடெக்' என்று அழைக்கின்றார்கள். போலிஷ் மொழியில் பாட்டனாரைக் குறிக்கும் சொல் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய தாயார் காலமானார். தாயாரின் நினைவாக ஆண்டுக்கொருமுறை குடும்பம் முழுவதும் காட்டில் நடக்க வேண்டும் என்பது கிழவரின் ஏற்பாடு. வெறுமனே நடப்பதென்றால் பேரப்பிள்ளைகள் வருவார்களா? ஆகவேதான் புதையல்.

இவ்விளையாட்டு அவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. போலந்தில் 'பொத்ஹொடி' என்ற பெயரில் சாரணப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் ஆட்டம். ஒரு கூட்டத்தார் முன்னே சென்று வழி நெடுகக் குறிகள் இட்டுப் போவர். சுள்ளிகளால் ஓர் அம்புக்குறி வைத்தால் 'இவ்வழி செல்க' என்று பொருள். சுள்ளிகள் குறுக்கே கிடந்தால் 'இவ்வழி அன்று'. கட்டத்துக்குள் ஓர் எண்ணும் பக்கத்தில் ஓர் அம்பும் இருந்தால், அத்தனை அடி தூரத்தில் ஒரு கடிதம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது என்று அறிய வேண்டும். பின்னே வரும் கூட்டத்தார் கடிதத்தைக் கண்டெடுத்து, அதிலே சொல்லிய வேலையைச் செய்து முடித்து, மேலே செல்வர்.

சாரணர் என்றதும் இங்கே ஒரு சிறு கிளைக்கதை சொல்ல வேண்டியிருக்கின்றது. பேடன் பவுல் பிரபு சாரணச் சிறுவருக்காக எழுதிய நூல் 1908இல் வெளிவந்தது. அதைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தவர் அந்திரேய் மால்கோவ்ஸ்கி என்ற இளைஞர். இரகசியப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குத் தாமதித்து வந்தமைக்குத் தண்டனையாகவே அந்த மொழிபெயர்ப்பு வேலை அவர் தலையில் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். தாமதித்து வரும் மாணாக்கருக்கு நாம் விதிக்கும் தண்டனைகளால் இதுவரை ஒரு நூலும் பிறக்கவில்லை என்பதை நினைக்க எமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கின்றது. அது நிற்க. 1911இல் அந்நூல் வெளிவந்தபோது போலந்து என்றொரு நாடு உலகப்படத்தில் இருக்கவில்லை. 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் உருசியா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதனைக் கூறுபோட்டு விழுங்கிவிட்டன. 1918இல்தான் அது மீண்டும் தலைதூக்கிற்று. ஆகவே மற்ற நாட்டுச் சிறுவர்க்குப் பொழுதுபோக்காக அமைந்த சாரணியம், போலந்துச் சிறுவர்க்கு நாட்டை மனத்தில் வைத்துக் காக்கும் வழியாயிற்று. சாரணனுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹார்செஷ்'. பெரும்போர் தொடங்குமுன் அணியை விட்டு முன்னே பாய்ந்து தனித்துப் பொருத வீரரைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒருவரையொருவர் கண்டால் சொல்லும் வணக்கமோ 'சுவாய்'. 'விழித்திரு' என்று பொருள்.

எப்பிங் காட்டுக்கு மீள்வோம். பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை. மாணவியின் மகளோடு பதினைந்து. ஆனால் முதல் கடிதம் திறக்கப்படுமுன்னரே பெரியோர் மத்தியில் ஒரு சச்சரவு எழுந்துவிட்டது. கடிதங்கள் எல்லாவற்றையும் கிழவர் போலிஷ் மொழியிலேயே எழுதி வைத்திருந்தார். பதினான்கு பேரில் அம்மொழியைத் தட்டுத் தடுமாறியேனும் வாசிக்கக் கூடியவர்கள், சனிக்கிழமைப் போலிஷ் பாடசாலைக்குச் செல்லும் மூவர் மாத்திரமே. கிழவரின் மருமகள் ஆங்கிலப் பெண்மணி. "ஐந்து வயதுக் குழந்தை ஒன்றும் விளங்காமல் நின்று அழுதால் அது விளையாட்டாகுமா?" என்று அவர் கேட்டார். கிழவர் விட்டுக்கொடுக்கவில்லை. "என் தாயார் எட்டு வயதில் உருசியக் காட்டிலே ஒன்றும் விளங்காமல் நின்றார். பின்னர் பாரசீகத்தில் நின்றார், இந்தியாவில் நின்றார், இந்த இங்கிலாந்திலும் நின்றார். ஒரு பகற்பொழுது இவர்கள் விளங்காமல் நிற்கட்டுமே" என்றார்.

எமது மாணவி இவ்விடத்தில், "ஐயா, எனக்கு இரண்டு பேரும் சொல்வது சரியாகவே பட்டது" என்று எழுதியிருக்கின்றார். எமக்கும் அப்படியே. மொழியைப் பிள்ளைக்கு ஊட்டுவதில் கண்டிப்பு வேண்டும் என்று வகுப்பறையில் பேசிவருபவர்தாம் நாம். ஆனால் விளங்காத மொழியின் முன்னே நிறுத்தப்பட்ட பிள்ளை அம்மொழியையே வெறுத்துவிடுவதையும் கண்டிருக்கின்றோம். மருமகளார் கேட்டது ஒரு தாயின் நியாயமான கேள்வி.

முடிவில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கடிதங்கள் போலிஷ் மொழியிலேயே இருக்கும். விளங்காத சொல்லுக்குப் பிள்ளைகள் பொருள் கேட்கலாம். எத்தனை முறையும் கேட்கலாம். ஆனால் கேட்கும் கேள்வி போலிஷ் மொழியில் இருக்க வேண்டும். 'இது என்ன?' என்பதற்கு அம்மொழியில் 'ற்சோ தோ யெஸ்த்?' என்பர். மூன்றே மூன்று சொற்கள். ஐந்து வயதுக் குழந்தையும் இரண்டு நிமிடத்தில் மனனம் செய்துவிட்டது. அதன் பின்னர் பகல் முழுவதும் காடு அதிர "ற்சோ தோ யெஸ்த்? ற்சோ தோ யெஸ்த்?" என்ற கூக்குரலேதான். கடிதத்தில் உள்ள சொல்லுக்கு மட்டுமல்லாமல், காலில் இடறிய வேருக்கும், மரத்தில் ஊர்ந்த எறும்புக்கும், கிழவரின் மூக்குக் கண்ணாடிக்கும் கூட இதே கேள்வி!

முதற் கடிதத்தில் இருந்தது 'கூடு' என்ற ஒரே சொல். போலந்து மக்களின் முன்னோனாகிய லேஹ் என்பவன் வெண்கழுகு ஒன்று கூட்டில் இருப்பதைக் கண்டு, அதை நல்ல நிமித்தமாகக் கொண்டு அவ்விடத்திலேயே தங்கி ஊர் அமைத்தான் என்பது அவர்களுடைய பழங்கதை. கூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கினியெஸ்னோ என்ற அவர்களது ஆதித் தலைநகரின் பெயர் வந்தது என்பர். வெண்கழுகே இன்றும் அந்நாட்டின் சின்னம். பிள்ளைகள் கணுக்கொண்ட மரம் ஒன்றின் பொந்திலே கடதாசிக் கழுகைக் கண்டெடுத்தார்கள். அடுத்தது ஒரு கரடி. இரண்டாம் உலகப் போரின்போது போலந்துப் படையினர் 1942இல் பாரசீகத்தில் ஒரு கரடிக்குட்டியை வாங்கி வளர்த்தார்கள். வோய்தெக் என்பது அதன் பெயர். 1944இல் இத்தாலியில் மொந்தே கசீனோப் போரில் அது பீரங்கிக் குண்டுப் பெட்டிகளைச் சுமந்ததாம். படைவீரர் பட்டியலிலும் அதன் பெயர் இடம்பெற்றிருந்தது. போருக்குப் பின்னர் எடின்பரோ மிருகக்காட்சிச் சாலையில் வாழ்ந்து 1963இல் இறந்தது. பார்க்க வருவோர் போலிஷ் மொழியில் பேசினால் மட்டும் எழுந்து நின்று திரும்பிப் பார்க்கும் என்று சொல்வார்கள். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐம்பது அடி தூரம் நடந்தார்கள்.

மூன்றாவது தரிப்பிடம் வேறு வகையானது. அங்கே விளையாட்டு இல்லை. கிழவர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த காய்ந்த மரக்கட்டைகளும் இரண்டு வாள்களும் கிடந்தன. இருவர் இருவராக ஒரு கட்டையை அறுத்து முடித்தால் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி கிடைக்கும்; முடிக்காவிட்டால் கிடையாது.

இதன் காரணத்தை விளக்க வேண்டும். 1939 செப்ரெம்பரில் மேற்கிலிருந்து ஜேர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத்து நாடும் போலந்தின் மீது பாய்ந்தன. சோவியத்துப் படை பிடித்த கிழக்குப் பகுதியிலிருந்து 1940 பெப்ரவரி 10ஆம் திகதி, கடுங்குளிரில், ஏறத்தாழ 140,000 மக்கள் மாட்டுவண்டிப் பெட்டிகளைப் போன்ற புகைவண்டிகளில் அடைக்கப்பட்டு வடக்குக்கும் சைபீரியாவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அந்த முதற்கூட்டத்தில் பெரும்பாலோர், முன்னாள் படைவீரராயிருந்து கிழக்கே நிலம் பெற்றுக் குடியேறியவர்களும் காட்டுத் திணைக்கள ஊழியரின் குடும்பத்தாருமே ஆவர். கிழவரின் பாட்டனார் காட்டுக் காவலர். மரத்தைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டவரை மரம் வெட்டுவதற்கென்றே ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதிக் காடுகளுக்குக் கொண்டுபோனார்கள். வெட்ட வேண்டிய மரத்துக்கு ஓர் அளவு. அந்த அளவுக்கு ஏற்பவே ரொட்டி. எட்டு வயதுச் சிறுமியாகிய கிழவரின் தாயார் சுள்ளி பொறுக்கித் தகப்பனாரின் அளவை நிறைக்க உதவினாராம்.

எப்பிங் காட்டிலே ஒரு சிறு பையனும் அவன் தங்கையும் கட்டையை அறுத்து முடிக்கவில்லை. ரொட்டி இல்லை என்றதும் பையன் விம்மி அழத் தொடங்கினான். கிழவர் அசையவில்லை. பெற்றோர் முகங்கள் சுருங்கின. அப்போது பதின்மூன்று வயதுப் பேரன் ஒருவன், காலையிலிருந்தே காதிலே எதையோ மாட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாகப் பின்னால் நடந்து வந்தவன், பேசாமல் போய் வாளின் மறுபுறத்தைப் பிடித்தான். கட்டை அறுந்தது. கிழவர் ரொட்டியை நீட்டினார். நீட்டிய கை நடுங்கிற்று என்று எழுதுகின்றார் எமது மாணவி. பிள்ளைகளுக்கு இத்துணை கடுமை வேண்டுமோ என்று அவர் வினவுகின்றார். நாமாயின் ரொட்டியைக் கொடுத்திருப்போம். ஆனால் கொடுத்திருந்தால் அந்தப் பெரிய பையன் வாளைத் தொட்டிருக்க மாட்டான் என்பதும் உண்மை.

ஓரிடத்தில் கிழவர் திடீரென்று நின்று தொப்பியைக் கழற்றினார். எதிரே, காய்ந்த இலைகளுக்கிடையில், கபில நிறத் தலையும் பருத்த தண்டும் கொண்ட பெரிய காளான் ஒன்று. போலந்து மக்களுக்குக் காளான் கொய்வது வெறும் சமையல் வேலையன்று. இலையுதிர் காலத்தில் விடியுமுன் கூடையோடு குடும்பமாகக் காட்டுக்குப் போவார்கள். எது நல்லது, எது நஞ்சு என்பதைத் தாத்தாவும் பாட்டியும் காட்டிக் கொடுப்பார்கள். அவர்களது மகாகவியாகிய மிக்கியேவிச், நாட்டைப் பிரிந்து பாரிஸ் நகரில் வாழ்ந்த காலத்தில் எழுதி 1834இல் வெளியிட்ட 'பான் ததேயுஸ்' காவியத்தின் மூன்றாம் பாகத்தில் இக்காளான் கொய்தல் ஒரு முழுக் காட்சியாகவே வருகின்றது. நாடிழந்து இருந்த கவிஞருக்குப் போர்க்களத்தோடு காளான்கூடையும் நினைவுக்கு வந்தது பாருங்கள்! ஆனால் எப்பிங் காட்டில் காளான் பறிக்கத் தடை உண்டு. கிழவர் குனிந்து பார்த்தார்; பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் செய்து தலையின் அடிப்புறத்தைக் காட்டினார்; பின்னர் தொப்பியை அணிந்துகொண்டு நடந்தார். நத்தார் முந்நாள் இரவு விருந்துக்கு வேண்டிய உலர்ந்த காளான் மாலைகள் போலந்திலிருந்து பொதியில் வருகின்றனவாம். (இதைப் படிக்கும் சிறுவர்கள் மழைக்காலத்தில் வளவிலே முளைக்கும் காளானைப் பெரியோர் சொல்லாமல் தொடவேண்டாம். ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்று கொல்லும்.)

நண்பகலில் சாப்பாடு. விரதமாயிற்றே என்று எமது மாணவி தயங்கியபோது, உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் உள்ளே வைத்து அவித்த 'பியெரோகி' என்ற பண்டத்தைக் கொடுத்தார்கள். "ஐயா, எங்கள் கொழுக்கட்டைதான்! ஓரத்தில் பல்லுக்கூட வைத்திருந்தார்கள்" என்று அவர் வியந்து எழுதியிருக்கின்றார்.

நாலாவது தரிப்பிடத்தில் பித்தளைச் செம்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் அவர் வியப்பு இன்னும் கூடிற்று. அவர் தாயாரின் சுவாமி அறையில் இருக்கும் செம்பைப் போன்றே இருந்ததாம். இதன் வரலாறு எமக்கும் சற்று நெருக்கமானது. 1941 யூலையில் போலந்து வெளிநாட்டு அரசுக்கும் சோவியத்து அரசுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, நாடு கடத்தப்பட்டவர்கள் விடுதலை பெற்றனர். 1942இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர், படைவீரரும் பெண்களும் குழந்தைகளுமாக, கஸ்பியன் கடலைக் கடந்து பாரசீகத்தை அடைந்தார்கள். அங்கிருந்து குடும்பங்கள் பல நாடுகளுக்கும் சிதறின. நவநகர் மன்னர் திக்விஜய சிங்ஜி, குசராத்துக் கடற்கரையில் பாலாசடி என்னும் இடத்தில் அநாதைக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்தார். இன்று வார்சோ நகரில் 'நல்ல மகாராசா' என்ற பெயரிலே அவருக்கு ஒரு சதுக்கம் உண்டு. கோலாப்பூருக்கு அருகே வலிவடே என்னுமிடத்தில் 1943 முதல் 1948 வரை ஏறத்தாழ 5,000 போலந்து மக்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. பாடசாலை, கோயில், நாடக அரங்கு, சாரணர் அணி எல்லாம் அங்கே இருந்தன. கிழவரின் தாயார் பதினொரு வயது தொடக்கம் பதினாறு வயது வரை வளர்ந்தது அங்கேதான். சாரணியானதும், முதன்முதல் பொத்ஹொடி ஆடியதும் அங்கேதான். பேர்ச் மரங்களுக்குப் பதிலாக வேப்பமரங்களுக்கு நடுவே. தையல் இழையை எண்ணும்போது கடைசிவரை 'ஏக், தோன், தீன்' என்று மராட்டியிலேயே எண்ணுவாராம்.

அக்காலத்தில் சென்னையில் வந்தா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி வாழ்ந்தார். காந்தியடிகளின் அன்பையும் இரமண மகரிஷியின் அருளையும் பெற்று உமாதேவி எனப் பெயர் கொண்டவர். 1944இல் போலந்து-இந்திய நூல்நிலையம் என்ற பதிப்பு முயற்சியைத் தொடங்கி, நமது தமிழ் இலக்கியத்திலிருந்தும் போலிஷ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். 1971இல் மைசூரில் காலமானார். தமிழ்ச் செய்யுள்கள் அகதிகளின் தாய்மொழிக்குள் நுழைந்தன என்பது பலரும் அறியாத செய்தி. எமது மாணவிக்கும் இது புதிது; பதிலில் எழுதவேண்டும் என்று குறித்து வைத்திருக்கின்றோம்.

அந்தச் செம்புக்குள் இருந்த கடிதத்தை வாசிக்கத் தெரிந்த மூவராலும் வாசிக்க முடியவில்லை. ஏனெனில் அது மறைமொழியில் இருந்தது. போலந்துச் சாரணர் 'கதெரிபொலுகி' என்றொரு முறையைக் கையாள்கின்றார்கள். பொருளற்ற வெறும் ஓசைக்கோவை அது. ஆனால் நாவிலே நிற்கும். அதிலுள்ள பன்னிரண்டு எழுத்துக்களும் ஆறு சோடிகள். சோடியில் ஒன்று வருமிடத்தில் மற்றதை எழுத வேண்டும். ஏனைய எழுத்துக்கள் மாறா. தமிழிலே இப்படி ஒன்று செய்து பார்ப்போமே: 'பல - கட - மர' என்பது சாவி. 'ப' வருமிடத்தில் 'ல', 'ல' வருமிடத்தில் 'ப', அவ்வாறே ஏனையவும். உயிர்க்குறிகளும் புள்ளியும் இருந்தபடியே இருக்கும். 'கடல்' என்பது 'டகப்' ஆகும். 'பாடம்' என்பது 'லாகர்' ஆகும். 'லபா ரமர்' என்றால் என்ன என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கட்டும்.

மற்றப் பிள்ளைகள் எல்லோரும் சொல்லின் பொருளை ஊகிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். போலிஷ் மொழி அறவே தெரியாத எமது மாணவியின் மகள், பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், சாவியை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றினாள். மூன்றெழுத்துச் சொல் ஒன்று வந்தது. அதைக் கிழவரிடம் காட்டி, "ற்சோ தோ யெஸ்த்?" என்றாள். கிழவர் வாய் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓக் மரத்துக் காய் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பதினைந்து பிள்ளைகளும் ஓக் மரத்தைத் தேடி ஓடினார்கள்.

அம்மரத்தடியில் பன்னம் அடர்ந்து, பழுத்துக் கபில நிறமாகிக் கிடந்தது. ஆனி மாதத்தில் அருளப்பர் திருநாளுக்கு முந்திய இரவில் பன்னம் ஒரு கணம் பூக்கும்; அப்பூவைக் கண்டவனுக்குப் பெருஞ்செல்வம் கிடைக்கும்; ஆனால் அச்செல்வத்தை எவரோடும் பகிரக் கூடாது என்பது போலந்துக் கதை. பன்னம் வித்திகளால் பெருகுவது, பூப்பதேயில்லை என்று தாவரவியல் படித்த மாணவர் சொல்வர். கதை கட்டியவர்களுக்கும் அது தெரியாமலிருந்திருக்காது.

பன்னத்துக்கு நடுவே பழைய பிஸ்கற்றுத் தகரம் ஒன்று. உள்ளே பொன்னும் இல்லை, மணியும் இல்லை. வலிவடேயில் பூட்டியார் பாட்டுக்கள் எழுதி வைத்த கொப்பி ஒன்று, அவரது சாரணச் சிலுவை, பதினைந்து கடித உறைகள். கொப்பியைப் பிள்ளைகள் சும்மா புரட்டிப் பார்த்தார்கள். உறைகளின் மேல் தத்தம் பெயரைக் கண்டதும் அடிபட்டுக்கொண்டு எடுத்தார்கள்.

1944 ஓகஸ்தில் வார்சோ மக்கள் ஜேர்மனியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, 'சாம்பல் அணி' என்ற இரகசியச் சாரணரைச் சேர்ந்த சிறுவர்கள் குண்டுமழைக்கிடையே கடிதம் சுமந்தார்கள். குடும்பத்தினர் நகரின் வெவ்வேறு பகுதிகளில் சிக்குண்டு, எவர் உயிரோடிருக்கின்றார் என்று தெரியாதிருந்த காலம். ஒரு கடிதத்தில் 25 சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது என்பது அத்தபாலின் விதி. அந்த விதியையே கிழவர் இங்கும் விதித்திருந்தார். ஒவ்வொரு தாயும் தந்தையும் தம் பிள்ளைக்கு 25 சொற்களுள் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். தத்தம் தாய்மொழியில் எழுத வேண்டும். ஆங்கில மருமகளார் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். கிழவர் அதை மறுக்கவில்லை.

பதின்மூன்று வயதுப் பேரனின் கடிதம் போலிஷ் மொழியில் இருந்தது. அவன் தகப்பனாருக்கே அம்மொழி பாதி மறந்துவிட்டது. அகராதியை வைத்துக்கொண்டு எழுதினாராம். பையன் கடிதத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பான் என்று எல்லோரும் எண்ணினர். அவனோ கிழவரிடம் போய் மரவேரில் அருகே அமர்ந்து, முதற் சொல்லின் கீழே விரலை வைத்து, "ற்சோ தோ யெஸ்த்?" என்றான். பின்னர் அடுத்த சொல்லின் கீழே. இருபத்தைந்து சொற்களுக்கும் அவ்வாறே. தகப்பனார் தூரத்தில் வேறு வேலை செய்வது போல நின்றுகொண்டிருந்தாராம்.

பதினைந்தாவது உறை எமது மாணவியின் மகளுக்கு உரியது. ஒரு வாரம் முன்னரே கிழவர் தாயிடம் கேட்டு வாங்கியிருந்தார். "25 சொல் எழுத மூன்று இரவு போயிற்று, ஐயா. உங்கள் கட்டுரை வகுப்பில் 400 சொல் ஒரு மணித்தியாலத்தில் எழுதினேன்" என்கின்றார். மகள் தமிழ்ப் பள்ளிக்குப் போவதற்குச் சனிக்கிழமைதோறும் முகம் சுளிப்பவள். தாய் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்பவள். காட்டில் அக்கடிதத்தைப் பிரித்தாள், எழுத்துக்கூட்டி வாசித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், புகைவண்டியில், தாயின் பக்கத்தில் வந்து கடிதத்தை விரித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன, அம்மா?"

அந்தச் சொல் 'முற்றம்'. அம்மம்மா வீட்டு முற்றத்தில் உன்னோடு இருக்க வேண்டும் என்பது கடிதத்தின் ஒரு பகுதி. நாலாம் மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அரண்மனை முற்றம் என்று பாடப் புத்தகத்தில் எங்கோ பார்த்ததாகச் சொன்னாளாம். தாய் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லிப் பார்த்தார், பொருந்தவில்லை. வீட்டுக்கு முன்னால் உள்ள இடம் என்றார்; கார் நிறுத்தும் இடமா என்று மகள் கேட்டாள். விடியற்புறம் கூட்டுமாற்றால் கூட்டிச் சாணம் தெளிப்பதையும், பொங்கலன்று கோலமிட்டு அடுப்பு மூட்டுவதையும், நெல் காயவைத்துக் கோழி கலைப்பதையும், நிலவில் பாய் விரித்துச் சோறு குழைத்து ஊட்டுவதையும் எல்லாம் சொல்லச் சொல்ல, இறங்க வேண்டிய நிலையம் தாண்டிவிட்டதாம்.

"இச்சொல்லை ஒரு பிள்ளைக்கு எப்படி விளக்குவது, ஐயா? நீங்கள் எழுதித் தாருங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார். நாலைந்து முறை எழுதினோம். ஒவ்வொரு முறையும் நீண்டு போயிற்று. ஆகவே இப்பகுதியைத் தவறாது வாசிக்கும் மாணவரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் இதை ஒப்படைக்கின்றோம். முற்றம் என்றால் என்ன என்று, அதனைக் கண்டிராத பத்து வயதுச் சிறுமிக்கு எழுதி அனுப்புங்கள். 25 சொற்களுக்கு மேற்படக் கூடாது.